சாம்சோ தீவு தன்னிறைவு பெற்றதா?

டென்மார்க்கைச் சேர்ந்த சாம்சோ தீவு காற்றாலைகளின் உதவியால் மின்சாரத்தில் தன்னிறைவு அடைந்துவிட்டது என்று நீங்கள் படித்திருக்கலாம். இக்கூற்றைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டில் அங்கு நிலத்தில், தலா 1 மெகாவாட் திறனுள்ள 11 காற்றாலைகள் நிறுவப்பட்டன. 2003-இல் கடலில், தலா 2.3 மெகாவாட் திறனுடன் மேலும் 10 சேர்ந்தன. நிலத்திலுள்ளவற்றில் 9 விவசாயிகளுக்கும், 2 கூட்டுறவு அமைப்புகளுக்கும் உரியவை. ஊராரே உடைமையாளர் ஆனது பாராட்டத்தக்கதே.

ஆனால் இந்தத் தன்னிறைவு ஓர் ஆண்டுக் கணக்கு. காற்றின் திறன் அதன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும்! அவ்வேளையில் தீவின் விளக்குகளை எரிய வைப்பது, கடலடி மின்வடத்தின் வழியாக ஜட்லாந்திலிருந்து வரும் மின்சாரம். மிகுதியை வெளியே அனுப்புவதும் அவ்வடமே.

அண்டை வீட்டாருக்கு நேரடியாக மின்சாரம் விற்கும் உள்ளூர்ச் சந்தைகள் இன்று பெரிதும் பேசப்படுகின்றன. சிறு தீவில் காற்று ஓய்ந்தால் எல்லாக் காற்றாலைகளும் ஏறத்தாழ ஒருசேர ஓயும். எல்லோரும் வாங்க வந்த சந்தையில் விற்பவர் யார்? காற்று மிகும்போது விலையைக் குறைத்து, நீர் சூடாக்குவது, வண்டிகளுக்கு மின்னேற்றுவது போன்ற வேலைகளை அந்நேரத்துக்கு மாற்றச் சந்தை உதவும். இல்லாத மின்சாரத்தை அது உண்டாக்காது.

ஆகவே சாம்சோவைப் புகழ்வோர் அந்த மின்வடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை மறைத்தால், சாம்சோவைப் பின்பற்றும் ஊர் காற்றாலையை வாங்கிவிட்டு இருட்டில் அமர நேரிடும்.