கோடு விழுவதற்கு முன்

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் மோங்குட் தாமே கணித்தார். அதைப் பார்க்க வாக்கோ என்ற காட்டுப்பகுதிக்குப் பரிவாரத்தோடு போனார். வெள்ளைக்கார விருந்தாளிகளும் வந்திருந்தார்கள். கணக்கு பலித்தது, அரண்மனை ஜோசியர்கள் தோற்றார்கள். ஆனால் அங்கே தொற்றிய மலேரியா அக்டோபர் 1 அன்று மன்னரைக் கொண்டுபோய்விட்டது. ஒரு தேசம் எப்படி உருவானது என்று சொல்ல வரும் நூலில் இந்தக் கதைக்கு இடம் கொடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும். தோங்சாய் வினிச்சகுல் என்ற தாய்லாந்து வரலாற்றாசிரியருக்கு அது இருந்தது. 1994-இல் வெளியான அவருடைய 'சயாம் மேப்ட்' நூலில் இந்தக் கதை வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எல்லைப் பேச்சுவார்த்தை பற்றிய பகுதி. 1820-களில் பர்மாவிடமிருந்து தெனாசெரிமைப் பிடித்த ஆங்கிலேயர்கள், உங்கள் எல்லை எதுவரை என்று பாங்காக்கைக் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் குடியிருக்கும் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற ரீதியில் பதில் போகிறது. வேறொருவராக இருந்தால் சோம்பேறி அரசவை என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார். தோங்சாய் அந்தப் பதிலுக்குள் உட்கார்ந்து பார்க்கிறார். சிற்றரசுகள் ஒரே சமயத்தில் இரண்டு பேரரசர்களுக்குத் திறை கட்டிய உலகம் அது. கம்போடியா சயாமுக்கும் கட்டியது, வியட்நாமுக்கும் கட்டியது. சோழர் கடாரம் என்றழைத்த கெடா, பாங்காக்குக்குப் பொன்மரமும் வெள்ளிமரமும் அனுப்பிக்கொண்டே 1786-இல் பினாங்கை ஆங்கிலேயர் கையில் விட்டது. அங்கே போய் ஒற்றைக் கோட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

1893-இல் பிரெஞ்சுப் பீரங்கிப் படகுகள் பாங்காக்கை மறிக்க, மேகோங் ஆற்றின் இடதுகரை சயாமின் கைவிட்டுப் போயிற்று. தாய்லாந்துப் பாடநூல்கள் இதை உடலிலிருந்து அறுபட்ட அங்கமாகச் சொல்லி அழவைக்கும். தோங்சாயின் கேள்வி எளிது, இரக்கமற்றது: அந்த உடல் அதற்கு முன்பு எங்கே இருந்தது? பிரான்சைப் போலவே சயாமும் அந்த மண்ணுக்குப் போட்டியிட்டது. உண்மையில் தோற்றவை நடுவிலிருந்த சிற்றரசுகள். நிலப்படம் நாட்டைப் பார்த்து வரையப்பட்டதல்ல, நாடுதான் படத்தைப் பார்த்து வளர்ந்தது என்று இவர் நிறுவும் விதத்தில் ஒரு கைதேர்ந்த வழக்கறிஞரின் நிதானம் தெரிகிறது. நடுநடுவே கோட்பாட்டுச் சொற்கள் கொஞ்சம் கனக்கின்றன; நூல் முனைவர் பட்ட ஆய்வேடாகப் பிறந்ததன் தழும்பு அது.

அந்த ஆய்வேட்டை அவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் 1988-இல் முடித்தார். நூலாகும் முன்பே பெனடிக்ட் ஆண்டர்சன் அதைப் படித்துவிட்டு, தமது புகழ்பெற்ற 'இமாஜின்ட் கம்யூனிட்டீஸ்' நூலின் 1991 பதிப்பில் புதிதாகச் சேர்த்த இயலில், நிலப்படம் பற்றிய பகுதியை இதன்மேல் கட்டினார். ஆசிரியர்கள் மாணவர் உழைப்பை மென்று விழுங்குவது வாடிக்கையான துறையில், ஆண்டர்சன் இவருடைய பெயரைச் சொல்லிக் கடன்பட்டது தனி அழகு. தோங்சாய் பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார்.

கோடு போட்டுக்கொண்ட தேசம் தனக்கு ஆகாதவர்களைத் 'தாய்லாந்துக்காரன் அல்லாதவன்' என்று ஒதுக்கும்; அந்தச் சொல்லின் கூர்மையை அவர் ஏட்டில் கற்கவில்லை. 1976 அக்டோபர் 6 காலை தம்மசாத் பல்கலைக்கழகத்தில் 40-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது அவர் மாணவர் தலைவர்களில் ஒருவர். மாணவர்களைக் கம்யூனிஸ்டுகள், வியட்நாமியர்கள் என்று தூற்றியிருந்தார்கள். சுட்டவர்களில் எல்லைக் காவல் படையினரும் உண்டு, தலைநகரின் நடுவில்! பிறகு தோங்சாய்க்கு ஏறத்தாழ இரண்டாண்டு சிறை.

அந்தக் காலையைப் பற்றிய அவருடைய 'மொமென்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்' 2020-இல்தான் வந்தது. அதற்காக அவர் எதிர்த்தரப்பில் நின்றவர்களையும் தேடிப் போய் உட்கார்ந்து, அவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள், ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டார். வழக்குத் தொடுக்கும் தொனி அந்தப் பக்கங்களில் இல்லை. முதல் நூலில் அரசவையின் பதிலைக் கேட்ட அதே காது.