சீட்டுக்கட்டுக்கும் ஒரு சபாஷ்

பக்கவாதத்தில் தளர்ந்த கைக்கு மெய்நிகர் கருவி தரும் பெரிய உதவி, அலுக்காமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. 2009இல் வந்த ஒரு வட அமெரிக்க ஆய்வு, வழக்கமான பயிற்சி நேரமொன்றில் பயன்படு கையசைவுகள் சராசரியாக 32தான் என்று கண்டது. மூளை புதுவழி பழக அது மிகக் குறைவு. விளையாட்டென்றால் எண்ணிக்கை ஏறும். ஆனால் அதற்குத் திரைதான் வேண்டுமா? 2016இல் வெளிவந்த 'எவ்ரெஸ்ட்' என்ற ஆய்வில் பக்கவாதம் வந்த 141 பேரில் ஒரு சாரார் நின்டெண்டோ வீ என்னும் திரை விளையாட்டு ஆட, மற்றவர்கள் சீட்டும் பிங்கோவும் ஆடினார்கள். கை தேறியதில் சொல்லும்படி வித்தியாசமில்லை. வீ பழைய கருவி என்பார்கள், நியாயம்தான். 190 ஆய்வுகளைத் திரட்டிய 2025ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீடும் மெய்நிகர் பயிற்சிக்குச் சற்றே கூடுதல் பலன் இருக்கலாம் என்கிறது. அந்தச் 'சற்றே'வுக்காக வெள்ளிமலைக்காரர் தினமும் கல்வராயன் மலையிறங்கி கள்ளக்குறிச்சிக்கு வர முடியுமா?

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. சிகிச்சையாளர் போன பிறகும் சீட்டுக்கட்டு வீட்டில் இருக்கும். ஒரு சீட்டைத் தரையிலிருந்து எடுக்கப் பெருவிரல் விளிம்பைத் தேட வேண்டும், ஆள்காட்டி விரல் எதிரே வர வேண்டும், மணிக்கட்டு புரள வேண்டும். சீட்டென்றாலே முகம் சுளிக்கும் வீடா, பல்லாங்குழி போதும். விரலே அசையாதவருக்கு இதெல்லாம் உதவாது என்பது சரியான மறுப்பு. அங்கேதான் வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் உருவாக்கிய, மேசைமேல் அடங்கும், கையசைவுக்குத் துணைநிற்கும் 'புளூட்டோ' போன்ற கருவிகள் மலைக்கு வர வேண்டும்.