கவ்வாத்தும் ஒரு கோப்பும்

பசறை, ஹாலிஎல மலைகளில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுபவர் இலை இலையாகக் கிள்ளுவதில்லை. கத்தியைச் சாய்த்து ஒரே வீச்சு. வெட்டிய குச்சியான மிலாறு அடுப்புக்குப் போகும், செடி மறுபடி துளிர்க்கும்.

அந்தக் கைநேர்த்தி எஸ்கியூலைட்டிலும் உண்டு. 2000இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய இந்தத் தரவுத்தளத்துக்குத் தனி சர்வர் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனுக்குள் சாதாரணக் கோப்பாகக் கிடக்கும்.

ஒரு தோட்டத்தில் 500 பேர், நாளுக்கு மூன்று கொழுந்து நிறுவை, வருடத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொள்வோம்: அந்தக் கோப்பில் 450,000 பதிவுகள் சேரும். பழசை ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னால், ஒவ்வொன்றும் சேமிப்பில் எழுதி முடியும்வரை எஸ்கியூலைட் காத்து நிற்கும். பிளேன்டீ ஆறிவிடும். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டினால் காத்திருப்பு ஒருமுறைதான். தேடலுக்கான பெயர்ப்பட்டியல்களான இன்டெக்ஸ்கள் கூடினால் வேலையும் கூடும். ஒவ்வொன்றிலும் பெயரை வெட்ட வேண்டுமே!

அழகு வேறிடத்தில். நிபந்தனை எதுவும் இல்லாமல் அட்டவணை முழுவதையும் அழிக்கச் சொன்னால், அழிக்கும்போது தானாக ஓடும் ட்ரிகர் இல்லாதவரை, அது வரிகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை; பக்கங்களை மொத்தமாக விடுவித்துவிடும். எனவே கடைசி மாதக் கணக்கு மட்டும் போதுமென்றால், அதைப் புது அட்டவணைக்கு மாற்றிவிட்டுப் பழையதைத் தூக்கிவிடுவதே கெட்டித்தனம்.

தானியங்கி வேக்கூம் இயக்கப்படாத கோப்பு அப்போதும் இளைக்காது. காலிப் பக்கங்கள் அடுத்த நிறுவைக்காக உள்ளேயே கிடக்கும். வேக்கூம் கட்டளை கொடுத்தால்தான் எடை இறங்கும்.