ஆண்டு தெரியும், காரணம்?

அமெரிக்கா விடுதலையை அறிவித்த ஆண்டு எது என்று கேட்டால், 1776 என்று மாணவர் உடனே விடை கூறுவர். சூலை 4 என்று நாளையும் சேர்த்தே கூறுவர். ஏன் பிரிந்தனர் என்று கேட்டுப் பாருங்கள். தேயிலை, வரி, பாஸ்டன் துறைமுகம் என்று சில சொற்கள் வரும். வரியை நீக்கியிருந்தால் பிரியாமல் இருந்திருப்பார்களா என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பறை வாயடைத்து நிற்கும். இது மாணவர் குற்றமன்று. காரணங்களை ஆண்டுகளுக்கு அடியில் புதைத்துவிட்டு நடத்தப்படும் பாடத்தின் குற்றம்.

அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தந்த ஏடு ஒன்று உண்டு. 1776 சனவரியில் பிலடெல்பியா நகரில், எழுதியவர் பெயரின்றி வெளிவந்த 'காமன் சென்ஸ்' என்னும் சிறு நூல் அது. எழுதியவர் தாமஸ் பெயின். இங்கிலாந்தில் கச்சை தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். கலால் வரித்துறை வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அமெரிக்க மண்ணில் கால்வைத்து ஓராண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது, அவ்வளவே!

அன்றைய நிலை என்ன? 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்துவிட்டது. குருதி சிந்தியாயிற்று. ஆயினும் அதே ஆண்டு சூலையில், குடியேற்றங்களின் பேரவை மூன்றாம் ஜார்ஜ் மன்னனுக்குப் பணிவுடன் ஒரு விண்ணப்பம் அனுப்பியது. மன்னன் அதை ஏற்க மறுத்தான். அமைச்சர்கள் தீயவர், மன்னர் நல்லவர் என்ற நம்பிக்கை பலர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. பெயின் கோடரியை வீசியது அந்த வேரின்மீது!

மன்னன் நல்லவனா கெட்டவனா என்று அவர் வழக்காடவில்லை. மன்னர் முறையே தகுமா என்று கேட்டார். ஒருவனை ஒரு தலைமுறை தலைவனாக ஏற்கலாம். அவன் பேரப்பிள்ளைகளுக்கும் அடிபணிய வேண்டுமென்று, இன்னும் பிறவாத மக்களைக் கட்டிப்போட அந்தத் தலைமுறைக்கு ஏது உரிமை என்றார். இங்கிலாந்து தாய்நாடு என்றோரிடம், பிள்ளையைத் தாக்குபவள் தாயா என்று கேட்டார். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் கொடுமைக்கு அஞ்சி வந்தோர் வாழுமிடம் இது என்று நினைவூட்டினார். ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றும் ஆள்வது இயற்கைக்கே முரண் என்றார். மன்னன் அமர்ந்த இடத்தில் சட்டம் அமர வேண்டும் என்றார். ஆறு திங்கள் நிறைவதற்குள் விடுதலை அறிவிப்பு வந்தது. பிறப்பினால் வரும் உயர்வை மறுக்கும் நமக்கு இந்த வாதம் எவ்வளவு நெருக்கமானது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

நெருக்கமானது என்பதற்காக இதையும் ஒரு வேதமாக்கிவிடலாமா? கூடாது. பெயினை மறுத்து அதே ஆண்டில் ஜேம்ஸ் சால்மர்ஸ் நூல் எழுதினார். விடுதலையை விரும்பிய ஜான் ஆடம்ஸும், பெயின் வரைந்த ஆட்சிமுறை சரியன்று என்று எழுதினார். அவற்றையும் மாணவர்முன் வைப்போம். மறுப்பைக் கேளாமல் ஏற்ற கொள்கை மனப்பாடமே தவிர, அறிவாகாது.

நூலின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. முடியாட்சி பாவம் என்று காட்ட பெயின் விவிலியத்தையே சான்றாக அழைத்தார். மன்னர்களும் தம் ஆட்சி தெய்வம் தந்தது என்று காட்ட அதே நூலைத்தான் அழைத்தனர். இருதரப்புக்கும் சாட்சி சொல்லும் நூல் தீர்ப்பு வழங்க முடியுமா? பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1794இல், 'ஏஜ் ஆஃப் ரீசன்' என்னும் நூலில் பெயினே அந்தச் சான்றைத் தள்ளிவிட்டார்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. செவ்விந்தியரையும் நீக்ரோக்களையும் தம்மீது ஏவிவிட்டதாக 'காமன் சென்ஸ்' இங்கிலாந்தைச் சாடுகிறது. அவர்களுக்கும் விடுதலை வேண்டுமே என்ற எண்ணம் அவ்விடத்தில் இல்லை. ஜெஃபர்சன் எழுதிய விடுதலை அறிவிப்பின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் பகுதி இருந்தது. பேரவை அதை நீக்கியது. கண்டித்து எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்! 1852இல், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், சூலை விழாவில் அடிமைக்கு என்ன பங்கு என்று மேடையேறிக் கேட்டார். அடிமை முறையை ஒழிக்கும் சட்டத் திருத்தம் 1865இல்தான் நிறைவேறியது.

ஆகவே விடுதலை வாதமே பொய் என்போர் உளர். நாம் அப்படிக் கருதவில்லை. டக்ளஸ் அந்த வாதத்தைத் தூக்கி எறியவில்லை. அதை எழுதியவர்மீதே திருப்பினார். மனிதர் சமம் என்றீர்களே, நான் மனிதனில்லையா என்பதே அவர் வழக்கின் சாரம். நல்ல வாதம் எழுதியவனைவிட நீண்டகாலம் வாழும். எழுதியவனையே கூண்டிலும் ஏற்றும். புரட்சி ஏடுகளை வகுப்பில் படிப்பதன் பயன் இதுவே.

பெயின் வாழ்வும் ஒரு பாடம். பிரெஞ்சுப் பேரவையில் அமர்ந்து, முடியாட்சி ஒழிக, ஆனால் பதினாறாம் லூயியைக் கொல்லாதீர் என்றார். 1793 இறுதியில் சிறை புகுந்தார். மதத்தை ஆராய்ந்ததற்காக அமெரிக்காவில் வெறுக்கப்பட்டார். 1809இல் மறைந்தபோது, இறுதிச் சடங்குக்கு வந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். மன்னனை எதிர்த்தவரைப் போற்றிய நாடு, மடமையை எதிர்த்தவரைக் கைவிட்டது!

ஆசிரியத் தோழர்களே! ஆண்டுகளைக் கற்பியுங்கள், தவறில்லை. அதோடு, ஏன் என்று கேட்கவும் கற்பியுங்கள். அந்தக் கேள்வி ஒருநாள் நம்மை நோக்கியும் வரும். வரட்டும்!