சாப்பாட்டுக் கூடையில் வெளியேறிய கடிதங்கள்

பல்கலைக்கழகத்தில் படித்தபோது பருவநிலைக்காக நாங்கள் ஒரு சின்னக் குழு வைத்திருந்தோம். ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கும்போது ஒருவன் கேட்டான்: “இதுல பேர் போட்டா, நாளைக்கு வேலைக்குப் போறப்ப பிரச்சினை வராதாடா?” யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த செமஸ்டரில் வாட்சாப் குழு மட்டும்தான் மிச்சம். அதிலும் பிறந்தநாள் வாழ்த்துகள். இத்தனைக்கும் எங்களை யாரும் மிரட்டவே இல்லை.

கென் சாரோ-விவாவின் ‘சைலன்ஸ் வுட் பி டிரீசன்’ நூலைப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. சாரோ-விவா நைஜீரிய எழுத்தாளர். ஒகோனி மக்களுக்காக ஷெல் நிறுவனத்தையும் இராணுவ அரசையும் எதிர்த்தவர். 1995 நவம்பர் 10 அன்று இன்னும் எட்டுப் பேரோடு தூக்கிலிடப்பட்டார். அயர்லாந்துக் கன்னியாஸ்திரி மஜெல்லா மெக்காரனுக்கு அவர் எழுதிய 28 கடிதங்களும், 27 கவிதைகளும் 2013இல் நூலாக வந்தன. கடிதங்களில் பெரும்பாலானவை இராணுவக் காவலிலிருந்து சாப்பாட்டுக் கூடைகளில் மறைத்து வெளியே அனுப்பப்பட்டவை.

நான் எண்ணெய், எரிவாயுத் துறையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ‘ஃபிளேர்’ என்பது பாதுகாப்புச் சாதனம். அழுத்தம் எகிறினால் வாயுவை எரித்து விபத்தைத் தடுக்கும். ஒகோனியில் எரிந்தது வேறு. எண்ணெயோடு வெளிவரும் வாயுவைக் குழாய் போட்டுச் சேகரிக்கச் செலவாகும் என்று, ஊர்களுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் எரித்தார்கள். கரியமில வாயுவும் முழுசாக எரியாத மீத்தேனும் வானத்துக்கு, புகைக்கரி ஊருக்கு.

நூலில் எனக்குக் கவிதைகள் ஒட்டவில்லை. அவை மேடையில் நின்று பேசுகின்றன. ஒரு வரியை வெட்டி, அவர் படத்தோடு போஸ்டராக ஒட்டிவிடலாம். கடிதங்களை அப்படி வெட்ட முடியாது. உடம்பு சரியில்லை, குடும்பம் எப்படி இருக்கிறது, எழுதி முடித்த கையெழுத்துப் பிரதி, வெளியே அடுத்து செய்ய வேண்டிய வேலை, நடுவில் ஒரு கிண்டல். தியாகியை எதிர்பார்த்துத் திறந்தால், வேலை பிரித்துக் கொடுக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். என்னைப் பொறுத்தவரை நூலின் பலம் அதுதான்.

1993 ஜனவரி 4 அன்று ஒகோனியில் சுமார் 300,000 பேர் ஊர்வலம் போனதாகச் சொல்கிறார்கள். அடக்குமுறை இறுகியபோது அப்படிக் கூடுவது முடியாமல் போனது. ஒருவர் இன்னொருவருக்கு எழுதுவதை மட்டும் அதனால் நிறுத்த முடியவில்லை.

குறை என்று ஒன்று உண்டு. மெக்காரன் எழுதிய கடிதங்கள் இதில் இல்லை. அவர் குரலை சாரோ-விவாவின் பதில்களிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. தோழமையின் பாதி எப்போதும் இப்படித்தான் பதிவாகாமல் போகிறதோ என்னவோ. ஆனால் 1994இல் நாடு திரும்பிய மெக்காரன் அயர்லாந்தில் ஒகோனிக்காகத் தொடர்ந்து பேசினார். பிறகு மேயோ மாவட்டத்தில் ஷெல்லின் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்த உள்ளூர் மக்களோடும் நின்றார். அவர் எழுதிய பதில் அதுதான் என்று படுகிறது.

2025 ஜூனில் நைஜீரிய அதிபர் அந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். குற்றம் செய்தவருக்குத்தானே மன்னிப்பு?

நண்பனின் கேள்விக்கு இப்போதும் என்னிடம் தைரியமான பதில் இல்லை. பிரச்சினை வரலாம். அன்று அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, “வந்தா நான் கூட இருக்கேன்டா” என்றும் சொல்லியிருக்கலாம். குழு கலைந்தது பயத்தால் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். யாரும் பதில் சொல்லாததால்தான் கலைந்தது.