ஒன்பது பக்கங்களில் ஒரு பெரிய கேள்வி

ஆல்பெர்ட்டோ கால்டெரோன் 1980-ல் ரியோ டி ஜெனிரோவில் வெளியிட்ட 'ஒரு தலைகீழ் எல்லை மதிப்புக் கணக்கைப் பற்றி' என்னும் கட்டுரை ஒன்பது பக்கங்களே கொண்டது. 1940-களில் அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது எழுந்த கேள்வியை, புகழ்பெற்ற கணித அறிஞரான பின் அதில் எழுதினார்.

ஒரு பொருளின் மேற்பரப்பில் பலவாறு மின்னழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அங்கே பாயும் மின்னோட்டத்தை அளக்கிறோம். உடைக்காமல், துளைக்காமல், இந்த அளவுகளைக் கொண்டே உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் மின்கடத்துதிறன் என்ன என்று கூற முடியுமா? எக்ஸ் கதிர் நேராகச் செல்லும். அதன் வழி நமக்குத் தெரியும். மின்னோட்டமோ பொருள் முழுவதும் பரவும். சிக்கல் அங்கேதான்.

கடத்துதிறன் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் தோராயமாக முடியும் என்று கால்டெரோன் காட்டினார். உத்தி அழகானது. ஒரு திசையில் அலைபோல் ஏறி இறங்கி, அதற்குச் செங்குத்தான திசையில் அடுக்குக்குறிச் சார்பாக வளரும் மின்னழுத்தங்களை எடுத்துக்கொள்கிறார். தகுந்த இரண்டைப் பெருக்கினால் வளர்ச்சி நீங்கி அலை எஞ்சும். அலைகளைக் கூட்டினால் உட்புறத்தின் படம். இந்த உத்தியை வளர்த்தெடுத்தே 1987-ல் சில்வெஸ்டரும் ஊல்மனும், கடத்துதிறன் சீராக மாறும் முப்பரிமாணப் பொருள்களில், ஒரே மேற்பரப்பு அளவுகளுக்கு இரு வேறு உட்புறங்கள் இருக்க முடியாது என்று நிறுவினார்கள்.

குறையும் அதே உத்தியில்தான். அலை நுண்ணியதாக ஆக, செங்குத்துத் திசையில் வளர்ச்சியும் கடுமையாகும்; அளவீட்டின் சிறு பிழையும் உடன் பெருகும். கால்டெரோன் இதை உணராதவரல்லர். தம் தோராயத்தின் பிழை பெருகாதிருக்க நுண்ணிய அலைகளை வெட்டிவிடுகிறார். ஆனால் கருவியின் பிழையை எவ்வளவு தாங்கும் என்ற பேச்சுக்கு அவர் போகவில்லை.

அந்தக் கணக்கை 1988-ல் அலெஸ்ஸாண்ட்ரினி போட்டார். படத்தின் பிழை, அளவீட்டுப் பிழையின் மடக்கையைப் பொறுத்தே குறையும். எளிய வடிவில், படத்தின் பிழை பாதியாக வேண்டுமானால், நூறில் ஒரு பங்காக இருந்த அளவீட்டுப் பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும். மறுபடியும் பாதியாக, பத்துக் கோடியில் ஒரு பங்கு! எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்றாவது இலக்கத்துக்கே மாணவர்கள் வாதாடுவார்கள். பொதுவாக இதைவிட நல்ல உறுதி கிடைக்காது என்பதை 2001-ல் மாண்டாக்கே காட்டினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மார்பைச் சுற்றி 16 அல்லது 32 மின்முனைகளை வைத்து நுரையீரலைக் காணும் கருவிகள் இன்று உள்ளன. படம் மங்கலே, மூச்சுக்கு மூச்சு ஏற்படும் மாற்றத்தைத்தான் அவை நன்றாகக் காட்டும். நோயாளியை நகர்த்தாமல் படுக்கையருகிலேயே அதைப் பார்க்க முடிவது பெரிய பயன். 1987-ன் தேற்றத்தை மட்டும் படித்துவிட்டு, எக்ஸ் கதிருக்கு இனி வேலையில்லை என்று எழுதுபவர்கள் 1988-ன் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.