சட்டத்தின் கடுமையும் கடைசிப் படியில் நிற்கும் பெண்ணும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அம்மாத இறுதிக்குள் தமிழ்நாடு சட்டமன்றம் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு விளைவிக்கும் சாராயக் குற்றத்திற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்தது. கைம்பெண்களின் அழுகைக்கு அரசு செவிசாய்த்தது முறையே. ஆயினும் இத்திருத்தத்தின் கை எவரை எட்டுகிறது என ஆராய்வது நம் கடமையாகும்.

மெத்தனாலைத் தொலைவிலிருந்து அனுப்புவோர், கடத்துவோர், மொத்தமாக விற்போர், இறுதியில் வீட்டு வாசலில் விற்போர் எனச் சாராய வணிகத்திற்குப் பல படிகள் உண்டு. ஒரு பெண் இதில் ஈடுபடின், பெரும்பாலும் கடைசிப் படியிலேயே காணப்படுகிறாள். ஆயுள் தண்டனைக்குரிய பிரிவு அவள்மீதும் சுமத்தப்படின் இரு கதவுகள் அடைபடுகின்றன. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி அவளைக் கண்காணிப்பில் விடுவிக்க இயலாது. முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டோரை, உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் பிணையில் விடும் 2023ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டமும் அவளுக்கு உதவாது.

அவளுடைய பிள்ளைகளின் நிலை யாது? 2006இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி ஆறு வயது வரையே குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம். மூத்த பிள்ளைகள் வெளியே நிற்கின்றனர். கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலூரிலோ திருச்சிராப்பள்ளியிலோ உள்ள பெண்கள் சிறைக்குச் சென்று தாயைக் காண்பது அவர்களுக்கு எளிதன்று. சிறு பிள்ளைகளை உடைய தாய்மாருக்கு, இயன்றவரை சிறையல்லாத் தண்டனையே தகும் என 2010இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பாங்காக் விதிகள் கூறுகின்றன. நம் சட்டத்திருத்தம் இதனைக் கருதியதாகத் தோன்றவில்லை.

குற்றத்தைப் பொறுத்துக்கொள்க என்று நாம் கூறவில்லை. இறந்தோரின் இல்லங்களுக்கு நீதி வேண்டும். ஆனால் நஞ்சென அறிந்து அனுப்பியவனையும் அறியாது விற்றவளையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. யோவான் எட்டாம் அதிகாரத்தில் பெண் மட்டுமே இழுத்து வரப்படுகிறாள். உடன் குற்றவாளியான ஆண் அங்கில்லை. அவ்வெற்றிடத்தை நம் ஆண்டவர் காணாதிருப்பாரோ?

மலைமக்களின் அடிப்படை வசதிக் குறைவை 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலையும் பள்ளியும் பிழைப்பும் இல்லாத இடத்தில் சிறை மட்டும் எதனைத் திருத்தும்?

ஆயர்களே, சிறைச் சந்திப்புடன் நம் பணி முடிவதன்று. பெண்களுக்கும் காவலில் உள்ளோர்க்கும் இலவசச் சட்ட உதவி உரிமையென 1987ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. இதனை அக்குடும்பத்திற்கு எடுத்துரைப்பதும், தாயற்று நிற்கும் பிள்ளையின் பள்ளிப்படிப்பு நின்றுவிடாமல் காப்பதும், கருணாபுரத்துக் கைம்பெண்ணின் வாசலையும் மறவாதிருப்பதும் ஒரே அருட்பணியின் பகுதிகளாம்.